கூரைத் தண்ணீர் யார் கணக்கு?

தோட்டத்துக் கிராணிக்கும் நீராவிக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆள் பெயரும் நாள் கணக்கும் எழுதி, மாத முடிவில் கூட்டிக் கழித்துச் சம்பளப் பட்டியல் போடுவதோடு எங்கள் உத்தியோகம் முடிந்துவிடுகிறது என்பது பொதுவான எண்ணம். ஆனால் ரப்பர்த் தோட்டத்தின் பேரேட்டில் எழுதப்படும் ஒவ்வோர் எண்ணுக்குள்ளும் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. தொழிலாளி கொண்டுவருவது ரப்பரும் நீரும் கலந்த பொருள். தோட்டம் கூலி கொடுப்பதோ ரப்பருக்கு மட்டும். நடுவேயுள்ள நீர் எவ்வளவு என்று தீர்மானிக்கிறவன் பேனா பிடித்திருப்பவன். அந்த நீர் எப்போது ஆவியாகிறது, ஆவியானது எங்கே போய் மறுபடியும் நீராகிறது என்பதைக் கணினியில் கணித்துப் பார்க்கும் பொருட்டு, சில ஞாயிற்றுக்கிழமைகளைக் கிராஞ்சியில் கழித்தேன். அதில் அறிந்ததைச் சொல்லவே இக்கட்டுரை.

எங்கள் தோட்டம் ஜொகூரில் உள்ளது. பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது, பழைய ரப்பர் மரங்கள் ஒரு சரிவில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. பாலாகவே வாளியில் சுமந்து வந்த காலம் போய், இப்பொழுது மங்கிலேயே உறையவிட்டுக் கட்டிப்பாலாகச் சேர்க்கிறார்கள். மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். உறைந்த கட்டியில் அந்தப் பங்கு கூடுதல். எனினும் நீர் இருக்கவே செய்கிறது. காலையில் சேர்த்த கட்டிகள் நண்பகலில் ஸ்டோருக்கு வந்து, ஆளுக்கொரு தட்டாக மரச் சட்டங்களில் அடுக்கப்படும். நிறுப்பதோ மறுநாள் காலை, லாரி வருகிற நேரத்தில். நிறுத்த எடையில் நீருக்கென்று ஒரு பங்கைக் கழித்து, மிச்சத்துக்குக் கூலி எழுதுவது வழக்கம்.

இதிலுள்ள சிக்கலை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். ஒருவர் நண்பகலில் 100 கிலோ கட்டி கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 50 கிலோ ரப்பர், 50 கிலோ நீர். இரவு கழிவதற்குள் 8 கிலோ நீர் வெளியேறிவிடுகிறது. மறுநாள் தராசு 92 கிலோ காட்டும். ரப்பர் அதே 50 கிலோதான். ஆனால் கிராணி பழைய வழக்கப்படி பாதியைக் கழித்தால் எழுதப்படுவது 46 கிலோ. போன நீருக்காக ஒருமுறையும், போகாத நீர் என்று எண்ணி மறுமுறையும் கழித்தாயிற்று. 4 கிலோ ரப்பர் எவருடைய கையிலும் சேராமல் ஏட்டிலிருந்து மறைந்துவிடுகிறது. லாரியிலிருந்து மட்டும் மறைவதில்லை.

பல்லாண்டுகளாகப் பால்வெட்டும் அம்மையார் ஒருவர் இதை எந்தக் கணக்குமின்றி அறிந்து வைத்திருந்தார். அவருடைய தட்டு ஸ்டோரின் நடுவே, கூரை முகட்டுக்குச் சற்றுத் தள்ளி இருப்பது. ஒருநாள் நிறுவைக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்து, “கிராணி ஐயா, தண்ணிக்குன்னு கழிக்கிறீங்க, சரி. ராத்திரியெல்லாம் தகரத்திலிருந்து சொட்டுதே, அந்தத் தண்ணி யாரு கணக்கு?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. ஒருவருடைய கட்டியிலிருந்து பகலில் எழுந்த ஆவி, இரவில் தகரத்தில் படிந்து, இன்னொருவருடைய கட்டியின்மேல் விழுமானால், ஏடு அதை எப்படி எழுதுவது?

இந்தப் பேச்சு ஆபீசுக்கும் எட்டியது. “இந்தக் காலத்தில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கணக்கிடுகிறார்கள். நீர் இங்கிலீஷ் படித்தவர். விஞ்ஞான முறைப்படி ஒரு பட்டியல் தயாரித்து நோட்டீஸ் பலகையில் ஒட்டிவிடும். பிறகு யாரும் பேசமாட்டார்கள்” என்றார் மானேஜர். பிறகு யாரும் பேசமாட்டார்கள் என்ற அந்தக் கடைசி வாக்கியந்தான் என்னைக் கிராஞ்சிக்கு அனுப்பியது. விஞ்ஞானம் என்ற சொல்லைப் பலகையில் ஒட்டி வாயை அடைப்பது எளிது. அதன் கீழே என் கையெழுத்தும் இருக்க வேண்டுமல்லவா?

கிராஞ்சித் தொழிற்பேட்டையில், குளிர்பதனப் பொறிகள் செய்யும் பட்டறையொன்றில் என் அக்காள் மகன் வேலை பார்க்கிறான். பொறியியல் படித்தவன். பட்டறையின் தவுக்கே ஒரு சீனர். வரைபட வேலைக்காக வாங்கிய வலுவான கணினி ஞாயிறன்று சும்மா கிடப்பதைவிட உபயோகப்படட்டும் என்று அனுமதித்தார். நான் சிறுவயதில் நாள்தோறும் பாலம் கடந்து சிங்கப்பூரில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவன். ஆகையால் கையேடுகளை வாசித்துப் பொருள் சொல்வது என் பங்கு, கணினியை ஓட்டுவது அவன் பங்கு. ஜொகூர் பாருவிலிருந்து 170ஆம் எண் பஸ்ஸில் ஏறினால் கிராஞ்சி தொலைவில்லை. அந்தப் பாலத்தின் ஓரத்திலேயே ஜொகூரின் நீர் குழாய் வழியே சிங்கப்பூருக்குப் போகிறது. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை எடுக்கலாம். அவ்வொப்பந்தம் 2061இல் முடிகிறது. 2016 அக்டோபரில் ஜொகூரின் லிங்கியு நீர்த்தேக்கம் ஐந்தில் ஒரு பங்காக வற்றியபோது இரு கரையிலும் கவலை எழுந்தது. கிராஞ்சி ஆற்றின் முகத்தை அடைத்து 1975இல் முடித்த நீர்த்தேக்கம் பட்டறைக்கு அருகேதான். விடியலில் அதன் மேல் வெண்பனி படர்ந்திருக்கும்; ஆவியாதலும் நீராதலும் பக்கம் பக்கமாக நடக்கும் அந்தக் காட்சியைக் காசு கொடுக்காமலே பார்க்கலாம்.

2003 முதல் கிராஞ்சியில் பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்துப் புதுநீராக்கும் ஆலையும் இயங்கிவருகிறது. அது நீரை ஆவியாக்கிக் குளிர்விப்பதில்லை. நுண்ணிய சவ்வுகளின் வழியே அழுத்திப் பிரிக்கிறது. காரணம் செலவு. ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் போதும். அதே ஒரு கிலோவை நமது தட்பவெப்பத்தில் ஆவியாக்க ஏறத்தாழ 2,440 கிலோஜூல் வேண்டும். இதை மறைவெப்பம் என்பார்கள். வெப்பத்தைத் திரும்பப் பிடிக்காமல் 1,000 லிட்டரை ஆவியாக்கினால் 680 யூனிட்டுக்குச் சமமான சக்தி போகும். கடல் நீரையே சவ்வால் பிரிக்க 3 அல்லது 4 யூனிட் போதுமானது. தொழிற்சாலைக்காரர் தவிர்க்க முயலும் இந்தப் பெருஞ்செலவை எங்கள் ஸ்டோரின் தகரக் கூரை பகல் முழுவதும் வெயிலிடம் இலவசமாக வாங்கிச் செய்துகொண்டிருக்கிறது.

நிற்க. இனிக் கணிப்பை அமைத்த விதத்துக்கு வருவோம். நாங்கள் எடுத்துக்கொண்டது ஓபன்ஃபோம் என்னும் மென்பொருள். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் தோன்றி, 2004 முதல் யாரும் விலையின்றிப் பயன்படுத்தவும் உள்ளே திறந்து பார்க்கவும் விடப்பட்டது. ஒரு கணிப்பை அமைப்பதென்றால் மூன்று உறைகளை நிரப்ப வேண்டும். முதல் உறையின் பெயர் சுழியம்: தொடக்க வேளையில் எங்கே எவ்வளவு வெப்பம், எவ்வளவு ஈரம், காற்று எப்படி அசைகிறது என்பவை அதில். இரண்டாவது உறையில் மாறாதவை: நீரின் அடர்த்தி, காற்றின் பிசுக்கு, புவியீர்ப்பு, கட்டடத்தின் வடிவம். மூன்றாவதில் கணக்கை எப்படி நடத்துவது, எத்தனை வினாடிக்கொருமுறை எழுதுவது, எவ்வளவு பிசகைப் பொறுப்பது என்னும் கட்டளைகள். இதைப் பார்த்ததும் எனக்குப் பழைய நண்பனைக் கண்டது போலிருந்தது. ஆரம்ப இருப்பு, நிலையான விகிதங்கள், கணக்கு விதிகள். தோட்ட ஆபீசிலும் இவை மூன்றுதானே?

ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. ஸ்டோரின் உள்வெளியைக் கணினி சிறுசிறு கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டமும் ஒரு தனி ஏடு. ஒரு பக்கத்துச் சுவரால் வந்த நீராவி வரவு, மறுபக்கத்தால் போனது செலவு, மிச்சம் இருப்பு. ஒரு கட்டத்தின் செலவு அண்டைக் கட்டத்தின் வரவாகவே எழுதப்பட வேண்டும். ஒரு துளியும் நடுவில் தொலையக்கூடாது. வெப்பத்துக்கும் காற்றின் வேகத்துக்கும் இதே விதி. பாய்மக் கணிப்பு என்றால் மேதைகளுக்கு மட்டும் உரிய வித்தை என்று அஞ்சியிருந்த நான், அது பல்லாயிரம் கிராணிகள் ஒரே வேளையில் ஏடு எழுதும் காரியம் என்று கண்டு தைரியமடைந்தேன்.

தைரியம் வந்த அன்றே தொல்லையும் வந்தது. நீரும் ஆவியும் சந்திக்கும் எல்லையைக் கணினியில் காட்டும் பிரசித்தி பெற்ற முறைகளில் முக்கியமானது, அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் ஹர்ட், நிக்கல்ஸ் என்னும் இருவர் 1981இல் வெளியிட்டது. கட்டத்தில் நீர் எத்தனை பங்கு என்று சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணால் குறித்துக்கொண்டே போவது அதன் சாரம். கேட்க எளிது. ஆனால் கொதிநிலையில் ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 லிட்டராக விரிகிறது. அண்டை அண்டையாக உள்ள இரு கட்டங்களில் ஒன்றின் எடை மற்றொன்றின் எடையைப்போல் 1,600 மடங்கு என்றால், ஏடு எழுதுபவனின் கை நடுங்காதா? மேலும், துளியின் பரப்பிலுள்ள இழுவிசையை எழுதும் சூத்திரத்தில் உள்ள சிறு பிசகால், அசையாமல் நிற்க வேண்டிய துளியைச் சுற்றி இல்லாத காற்று கணினிக்குள் சுழல ஆரம்பிக்கிறது. பனித்துளியின் வடிவத்தைப் பிடிக்கக் கட்டத்தின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக இருக்க வேண்டுமென்றால், கணிப்பின் ஒவ்வொரு படியும் வினாடியில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. ஒரு வினாடிக்குப் பத்து லட்சம் படி. ஸ்டோரின் ஓர் இரவு 43,200 வினாடி. “மாமா, இதை இந்தக் கணினியில் ஓடவிட்டால் என் பேரன் வந்துதான் விடை பார்க்க வேண்டும்” என்றான் என் மருமகன்.

ஆகவே ஒவ்வொரு துளியையும் தொடரும் எண்ணத்தை விட்டோம். ஸ்டோருக்குள் நடப்பது கொதித்தலன்று; ஈரக் காற்று மெல்லச் சுழல்வது. காற்றை ஒரே பாய்மமாக வைத்து, அதில் கலந்த நீராவியைத் தனியே கணக்கெழுதி, தகரத்தின் அடிப்பக்கத்தில் படியும் நீரை மெல்லிய படலமாக மட்டும் பாவிப்பது என்று முடிவாயிற்று. என்ன கேட்கிறோமோ அதற்கேற்ற அளவில் கணிப்பை அமைக்க வேண்டும் என்பதைக் கையேடுகள் ஒரு வரியில் சொல்லிவிடுகின்றன. எங்களுக்கு அதை உணர இரண்டு ஞாயிறு பிடித்தது.

இங்கே இயற்கையின் விதிகள் துணை நிற்கின்றன. பரப்பை ஒட்டிய காற்றிலுள்ள ஆவிக்கும் தொலைவிலுள்ள காற்றின் ஆவிக்கும் உள்ள வித்தியாசமே ஆவியாதலை ஓட்டுகிறது என்பதை இங்கிலாந்தின் டால்டன் 1802இலேயே கண்டார். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 24 டிகிரியில் 22 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே தாங்கும். எஞ்சிய 8 கிராம் எங்கேனும் நீராகியே தீரவேண்டும். ஈரக் காற்று கனமானது என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மை நேர்மாறு. அதே வெப்பத்தில் உலர்ந்த காற்றைவிட ஈரக் காற்று இலேசானது. ஆதலால் கட்டிகளிலிருந்து எழுந்தது தகரத்தை நோக்கியே போகிறது. அத்தகரமோ தெளிந்த இரவில் வானத்தை நோக்கித் தன் வெப்பத்தை வீசிவிட்டுச் சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. இதை 1814இல் நிலைநாட்டியவர் வெல்ஸ் என்னும் வைத்தியர். அவர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது: ஒரே எடையுள்ள கம்பளிப் பஞ்சுகளை இரவில் வெவ்வேறு இடங்களில் வைத்து, விடிந்ததும் நிறுத்து, எதில் எவ்வளவு பனி ஏறியது என்று பார்த்தார். பனியை அளக்க அவருக்குத் தராசே போதுமானதாயிருந்தது.

முதலில் விடை தெரிந்த கணக்கொன்றைப் போட்டோம். ஒடுங்கிய குழாயின் அடியில் நீர். அதிலிருந்து ஆவி மேலே பரவிப் போகிறது. வியன்னாவின் யோசெப் ஸ்டெபான் 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த இதன் விடையைத் தாளிலேயே எழுதிவிடலாம். கணினியின் விடையும் தாளின் விடையும் ஒத்தன. அதன் பிறகே ஸ்டோரின் குறுக்குவெட்டைக் கட்டங்களாக வரைந்தோம். பதினெட்டு மணி நேரத்தையும் தொடர்ந்து ஓட்டாமல், பிற்பகல் இரண்டு மணி, அந்தி, நள்ளிரவு, விடியற்காலை நான்கு மணி என்று நான்கு வேளைகளை மட்டும் தனித்தனியே கணித்தோம்.

எல்லாம் எழுதி முடிந்தபின் ஓர் இடம் மட்டும் வெறுமையாக நின்றது. கட்டிப்பாலின் மேற்பரப்பு எவ்வளவு ஈரமானது? அது குளத்து நீரைப்போல் தாராளமாக ஆவியை விடுகிறதென்றால் ஒன்று என்று எழுத வேண்டும். உலர்ந்த மரத்தைப்போல் ஒன்றும் விடவில்லை என்றால் சுழியம். இடையில் எந்த எண்ணையும் எழுதலாம். கணினி எதையும் ஏற்றுக்கொள்கிறது! 0.9 என்று எழுதினால் கட்டிகள் ஓர் இரவில் வெகுவாக எடை இழக்கின்றன, 0.2 என்று எழுதினால் அற்பமே. இரண்டிலும் ஏடுகள் துல்லியமாகச் சரிபார்க்கப்பட்டு நின்றன. வரவு, செலவு, இருப்பு எதிலும் ஒரு துளி பிசகில்லை. “மாமா, ஆபீசுக்கு எந்த விடை வேண்டுமென்று சொல்லுங்கள், அதற்குத் தகுந்த எண்ணைப் போட்டுவிடலாம்” என்று மருமகன் வேடிக்கையாகத்தான் சொன்னான்.

இது எங்கள் ஸ்டோருக்கு மட்டும் நேர்ந்த இக்கட்டன்று. லீ என்பவர் 1980இல் வெளியிட்ட முறை இன்றும் உலகெங்கும் கொதித்தலையும் குளிர்தலையும் கணிக்கப் பயன்படுகிறது. வெப்பம் கொதிநிலையை எவ்வளவு தாண்டுகிறதோ அவ்வளவுக்கு நீர் ஆவியாகட்டும், குறைந்தால் ஆவி நீராகட்டும் என்பது அதன் விதி. அந்த “அவ்வளவு” எவ்வளவு என்பதற்கு ஓர் எண்ணைக் கணிப்பவரே எழுத வேண்டும். வெளிவந்த ஆராய்ச்சிகளில் அவ்வெண் 0.1 முதல் ஒரு கோடி வரை விரிந்து கிடக்கிறது. ஹெர்ட்ஸும் நூட்சனும் வகுத்த, மூலக்கூறுகளின் ஓட்டத்தை அடிப்படையாகக் கொண்ட சூத்திரத்திலும் ஒரு பங்கு எண் உண்டு. நீருக்கு அதை அளந்தவர்களின் விடைகள் ஆயிரத்தில் ஒரு பங்கிலிருந்து ஒன்று வரை வேறுபடுகின்றன. இதைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. நல்ல ஆராய்ச்சியாளர் அவ்வெண்ணை எழுதி, எந்தச் சோதனையைக் கொண்டு அதைத் தேர்ந்தார் என்பதையும் எழுதுகிறார். அதை மறைத்து, வண்ணப்படத்தை மட்டும் காட்டுகிறவரிடந்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தோட்டத்தில் நீருக்கென்று கழிக்கும் பங்கும் அத்தகைய எண்தான். அது எங்கிருந்து வந்தது என்று நான் பழைய ஏடுகளில் தேடியும் ஒரு வரிகூட அகப்படவில்லை.

சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் செய்த வேலையைப் பற்றி மருமகன் அப்போது சொன்னான். அவர்கள் 2005இல் இலட்சத்தீவின் கவரத்தியில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையம் அமைத்தார்கள். கடலின் மேற்பரப்பு நீர் 28 டிகிரி வெப்பத்தில் இருக்கும். காற்றை உறிஞ்சி அழுத்தத்தை இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிய பெட்டிக்குள் அதைவிட்டால், நெருப்பின்றியே ஒரு சிறு பகுதி ஆவியாகிறது. ஆழத்திலிருந்து இழுத்த குளிர்நீர் ஓடும் குழாய்களின்மேல் அவ்வாவி படிந்து நன்னீராகிறது. நீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் அதில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவே ஆவியாகும் என்பது மறைவெப்பக் கணக்கு. ஆதலால் ஒரு லட்சம் லிட்டர் பெற எத்தனையோ மடங்கு கடல் நீரை ஏற்றியிறக்க வேண்டும். அவர்களும் முதலில் தங்கள் வளாகத்தில் சிறிய மாதிரியைக் கட்டிப் பார்த்த பிறகே தீவுக்குப் போனார்கள். தமிழ்நாட்டு வட சென்னை அனல் மின் நிலையத்திலும், பொறியைக் குளிர்வித்து வெளியேறும் சூட்டு நீரைக் கொண்டு அதே முறையில் நன்னீர் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

நாங்களும் மாதிரி கட்டினோம். பட்டறையில் கிடந்த கண்ணாடிப் பலகைகளால் ஒரு பெட்டி. அடியில் சமையல் தராசின்மேல் நனைத்த பஞ்சு. மேலே சாய்ந்த தகரம், அதன் முதுகில் பனிக்கட்டி. பஞ்சு இழந்த எடையும் தகரத்திலிருந்து வழித்தெடுத்த நீரும் சமமாக வேண்டும். கணினியில் சமமாயின, தராசில் ஆகவில்லை. எங்கோ ஆவி தப்பிக்கொண்டிருந்தது. நாங்கள் சூத்திரங்களைப் புரட்டிக்கொண்டிருக்கையில், அதுவரை வேடிக்கை பார்த்த தவுக்கே எழுந்து, பட்டறை மூலையிலிருந்த மாடத்தில் புகைந்த ஊதுவத்தியை எடுத்துவந்து பெட்டியைச் சுற்றிக் காட்டினார். ஒரு மூலையில் புகை உள்ளே இழுபட்டது. அவ்விடத்தை மெழுகால் அடைத்ததும் தராசு கணினியின் அருகே வந்தது. தெய்வத்துக்கு ஏற்றிய வத்தி அன்று எங்களுக்கும் உதவியது, பகுத்தறிவாளர்கள் மன்னிப்பார்களாக.

ஆனால் பஞ்சு கட்டிப்பால் ஆகாது. ஆகவே தோட்டத்திலேயே, ஆபீசுக்குச் சொல்லிவிட்டு, இரண்டு இரவு ஸ்டோரில் உட்கார்ந்து, சில கட்டிகளை மணிக்கொருமுறை நிறுத்தேன். ரப்பர் நாற்றத்தில் இரவு விழித்தவர்களுக்கே அதன் அருமை தெரியும். இரண்டு விஷயங்கள் புலனாயின. எடை இழப்பில் ஒரு பகுதி ஆவியே அன்று. கட்டியிலிருந்து கசிந்து தரையில் ஓடும் நீர். மற்றொன்று, கசிவால் மேற்பரப்பு நனைந்திருக்கும் முதல் சில மணி நேரம் ஆவி சீராக எழுகிறது. தோல் உலர்ந்தபின் வேகம் தணிகிறது. உலரும் பொருள்களில் இவ்விரு பருவங்கள் உண்டென்று ஷெர்வுட் என்னும் அமெரிக்கப் பொறியியலார் 1929இலேயே எழுதியிருக்கிறார். ஆகவே நாங்கள் எழுத வேண்டியிருந்தது ஒரே எண்ணன்று, நேரத்தோடு மாறும் எண். அந்த எண்களைத் தராசிலிருந்து எடுத்து மூன்று உறைகளுக்குள் எழுதி மறுபடியும் ஓட்டினோம்.

கூரைத் தண்ணீரின் கணக்கைத் தெளிவாக்க மருமகன் செய்த யுக்தி மெச்சத்தக்கது. கணினிக்குள் கட்டிகள் அனைத்தையும் எடுத்துவிட்டு, வெறும் ஸ்டோரை ஓட்டினான். விடியற்காலை வேளையில் தகரம் அப்போதும் நனைந்தது! தாழ்வாரத் திறப்பின் வழியே வெளியிலிருந்து வரும் ஈரக் காற்றே அதற்குப் போதுமானதாக இருந்தது. நம்பாமல், அடுத்த விடுமுறையில் காலியான ஸ்டோருக்குள் அதிகாலையில் போய் நின்று பார்த்தேன். என் சட்டையின்மேல் சொட்டியது. ஆக, அது ஒருவருடைய கட்டியிலிருந்து திருடி இன்னொருவருக்குக் கொடுத்த நீரன்று. பெரும்பகுதி வானத்து நீர். சாய்ந்த தகரத்தில் வழிந்து, சட்டம் குறுக்கிடும் இடத்தில் தடைப்பட்டுச் சொட்டுவதால், அது நடுத்தட்டுகள் சிலவற்றின்மேல் மட்டும் விழுகிறது. அத்தட்டுக்காரர்களின் எடை காலையில் சற்றுக் கூடியிருக்கும். ஓரத்தட்டுக்காரர்களுக்கு அந்த ஈடு இல்லை. அம்மையாரிடம் இதைச் சொன்னேன். “அப்போ எனக்குச் சேர்ந்திருக்கு, ஓரத்துக்காரங்களுக்குத்தான் நட்டமா?” என்றார். அவருடைய கேள்வி அவருக்கே எதிராகத் திரும்பியது. எனினும் முகம் வாடவில்லை. “அதையும் எழுதுங்க” என்று போய்விட்டார்.

பட்டியலைத் தயாரித்துவிட்டேன். தலைப்பில் விஞ்ஞானம் என்ற சொல் இல்லை. நிறுவை நேரம் ஒரு பத்தி. அந்நேரத்துக்கு உரிய நீர்ப்பங்கு ஒரு பத்தி. அப்பங்கு எந்த இரவில், எத்தனை கட்டிகளை நிறுத்துப் பெறப்பட்டது என்பது ஒரு பத்தி. தமிழிலும் மலாயிலும் அடித்தேன். அடியில் ஒரு குறிப்பும் சேர்த்தேன்: கட்டிகளை வந்த அன்று நண்பகலிலேயே நிறுத்துவிட்டால் இரவு நேரத்துக்கான இந்தக் கணிப்பு எதுவும் வேண்டியதில்லை, தராசை லாரி நிற்கும் இடத்திலிருந்து ஸ்டோர் வாசலுக்கு நகர்த்தினால் போதும்.

மானேஜர் அதைப் படித்து, தராசை நகர்த்துவது மேலிடத்தைக் கேட்க வேண்டிய காரியம் என்று சொல்லி மேசை அறையில் வைத்திருக்கிறார். நோட்டீஸ் பலகையில் இன்னும் ஒன்றும் ஒட்டப்படவில்லை. ஓரத்தட்டுக்காரர்களில் இருவர் நகல் கேட்டார்கள். மேல்விலாசமிட்டு மேலிடத்துக்கு அனுப்பிய மனுவோடு அதை இணைத்திருக்கிறார்கள். கிராஞ்சியில் அந்த மூன்று உறைகளும் அழிக்கப்படாமல் அப்படியே இருக்கின்றன. தவுக்கே இப்போது அவற்றில் எண்களை மாற்றி, தாம் செய்யும் குளிர்பதன அறையின் கதவோரத்தில் எங்கே நீர் படியும் என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். வரும் ஞாயிறு அந்தக் கதவை அளப்பதாக ஏற்பாடு.